வீட்டை விற்க ஒரு விளம்பரம்

(புனே, கேம்ப் பகுதித் தமிழன்பர்கள் கூடிய ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. சிலம்பையோ கம்பனையோ எதிர்பார்த்து வந்திருப்போர்க்கு இன்றைய தலைப்பு ஏமாற்றம் தரக்கூடும். "வீடு விற்பதற்கு விளம்பரம் எழுதுவது எப்படி என்று பேசுங்கள்" எனச் செயற்குழுவினர் கேட்டபோது நாமும் சற்றே தயங்கினோம். பிறகு இந்த அவையில் அமரப்போகும் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். தயக்கம் நீங்கிற்று. பிள்ளைகள் ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் கணினித் தொழிலில் இருக்கிறார்கள். சிலர் கடல் கடந்து போய்விட்டார்கள். முழங்கால் வலியோடு மரப்படி ஏற இயலாத பெற்றோர் கேம்பில் தனித்து வாழ்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் உள்ள இடத்துக்குப் போய்விடலாமா என்னும் பேச்சு நடவாத குடும்பம் நம்மில் குறைவு. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. ஆயினும் அதனை ஊரார்க்கு அறிவிக்கும் ஐந்தாறு வரிகளை நாம் எவ்வளவு அலட்சியமாக எழுதிவிடுகிறோம்!

நம்மவர் ஒருவர்க்கு நேர்ந்ததை முதலில் சொல்லுகிறோம். அவர் பெயரைச் சொல்வது முறையன்று. கேம்பில் ஒரு சந்தில் சிறிய வீடு. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கணவர் இராணுவக் கணக்கு அலுவலகத்தில் பணிசெய்து ஓய்வு பெற்று, காலமாகிவிட்டார். அந்த அம்மையார் மட்டும் இருந்தார். அயல்நாட்டில் இருக்கும் மகன் அங்கிருந்தபடியே விளம்பரம் எழுதினார். "கேம்பின் மையத்தில் அற்புதமான தனி வீடு! சொந்த நிலம்! விசாலமான அறைகள்! அரிய வாய்ப்பு! விலை நேரில்!" என்று, வரிக்கு ஓர் ஆச்சரியக்குறி. வந்தவர்க்குக் குறைவில்லை. ஒரு குடும்பத்தார் இரண்டு இலட்சம் ரூபாய் முன்பணமும் தந்தனர். அதனை நம்பி, வானவடியில் தரைத்தளத்தில் ஒரு பிளாட்டுக்கு அம்மையாரும் முன்பணம் கட்டினார். மூன்றாம் வாரம் வாங்குவோரின் வக்கீல் நில ஏட்டின் நகலைக் கேட்டார். பார்த்தால், நிலம் சொந்தமன்று; சர்க்காருடையது. வங்கி கடன் கொடுக்கத் தயங்கிற்று. வந்தவர்கள் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போயினர். வானவடி பிளாட்டுக்காரரோ தம்மிடம் கட்டிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளை எண்ணவில்லை. தந்தையார் எப்போதும் "நம் சொந்த வீடு" என்றுதான் சொல்லி வந்தார். அதையே மகனும் எழுதினார்.

கேம்பில் வீடு விற்போர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

1817-ஆம் ஆண்டு நவம்பரில் கிர்க்கியில், அதாவது இன்றைய கட்கியில், பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நடந்தது. அதன் பின்னர் ஆங்கிலேயர் இங்கே பாளையம் இறங்கினர்; அந்தப் பாளையமே நம் கேம்ப். நிலம் படைக்கு உரியது. அதில் அதிகாரிகளும் வணிகர்களும் வீடு கட்டிக்கொள்ளச் சர்க்கார் இசைந்தது. நிலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வங்காளப் படைக்கென 1836-இல் வெளியான 179-ஆம் எண் ஆணை இவ்வகை ஏற்பாட்டுக்குப் பெயர்போனது. பம்பாய் மாகாணத்துக்கென வேறு விதிகளும் இருந்தன. சாரம் ஒன்றே: கட்டடம் உன்னுடையது, மண் எம்முடையது, வேண்டும்போது ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து, கட்டடத்துக்கு உரிய ஈட்டைத் தந்து, திரும்ப எடுத்துக்கொள்வோம். இதனை "ஓல்டு கிராண்ட்" என்று அழைக்கிறார்கள்.

கண்டோன்மெண்ட் நில ஆட்சி விதிகள் 1937-இல் வந்தன. அவற்றின்படி ஒவ்வொரு மனைக்கும் "ஜெனரல் லாண்டு ரிஜிஸ்தர்" என்னும் ஏட்டில் பதிவு உண்டு, ஜி.எல்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லுவர். சர்வே எண், பரப்பு, நிலத்தின் வகை, உரிமை வைத்திருப்பவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். பி-3 என்று குறித்திருந்தால், மண்ணின் உரிமையை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, நிபந்தனையின் பேரில் தனியாரிடம் விட்டுவைத்த நிலம் என்பது பொருள். அப்படிப்பட்ட இடத்தில் நாம் விற்பது கட்டடத்தையும் குடியிருக்கும் உரிமையையுமே. அதற்கு மதிப்பில்லையா? நன்றாக இருக்கிறது. மகாத்மா காந்தி சாலைக்கும் கிழக்குத் தெருவுக்கும் நடந்து போகும் தொலைவில், பழைய கருங்கற் சுவர் வீட்டில் வாழ விரும்புவோர் எத்தனையோ பேர். அவர்கள் வாங்குவார்கள். ஆனால் தாம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார்கள். அதற்கு ஏற்ற விலையே கொடுப்பார்கள். கேட்டுப் பெறும் விலையை நிலைநிறுத்துவது ஜி.எல்.ஆர். நகலே.

இன்னும் சிலர் வீடு பகடி முறையில் உள்ளது. நம் தாய்மொழியில் பகடி என்றால் கேலி. இவ்வூரில் பகடி என்றால் குடியிருப்பு உரிமைக்காகக் கொடுக்கும் பெருந்தொகை. இரண்டும் ஒன்றுதானோ என்று சில வேளை நமக்கே ஐயம் வருவதுண்டு. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய தொகையை வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமற்றதாக ஆக்கியது. ஆயினும் பகடி வீட்டில் இருப்பவர் வாடகைதாரரே. வீட்டுக்காரரின் சம்மதமும் அவருக்குரிய பங்கும் இன்றி உரிமை கைமாறாது. "வீடு விற்பனைக்கு" என்று அவர் எழுதுவது பிழை. "பகடி உரிமை மாற்றம், வீட்டுக்காரர் சம்மதம் உண்டு" என்று எழுதினால் அதையே தேடுகிறவர் வந்து சேருவார். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பிளாட் வைத்திருப்போர்க்கு இத்தொல்லை குறைவு. பங்குப் பத்திரமும் பதிவுப் பத்திரமும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாற் போதும்.

"குறையைச் சொன்னால் யார் வாங்குவார்?" என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. இதற்குச் சட்டத்தின் விடை ஒன்று. அனுபவத்தின் விடை ஒன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாததாயின், விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாங்குபவர்க்கும் ஒரு கடமை விதித்திருக்கிறது, பலர் அறியார். விற்பவர்க்குத் தெரியாத, ஆனால் அவருடைய உரிமையின் மதிப்பை மிகவும் உயர்த்தக்கூடிய செய்தி தமக்குத் தெரிந்திருந்தால், அதனை அவர் மறைத்தல் கூடாது.

அனுபவத்தின் விடைக்கு இலண்டனுக்குப் போவோம். 1950-களிலும் 1960-களிலும் அங்கே ராய் புரூக்ஸ் என்றொரு வீட்டுத் தரகர் இருந்தார். ஞாயிறு இதழ்களில் அவர் கொடுத்த விளம்பரங்களை, வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் தேடிப் படித்தனர். காரணம், சுவரில் ஈரம் என்றால் ஈரம் என்றே எழுதுவார். அறை இருட்டு என்றால் இருட்டு என்றே எழுதுவார். வீட்டுக்காரரின் ரசனையையும் விட்டுவைக்க மாட்டார். அவருடைய தொழில் கெடவில்லை, தழைத்தது. குறையை ஒளிக்காதவர் நிறையைச் சொல்லும்போது மக்கள் நம்பினார்கள். நாமும் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்த வீட்டைத் தாமே ஏசுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்; அது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் என்பவர், ஸ்டீபன் டப்னர் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட "ஃப்ரீகனாமிக்ஸ்" என்னும் நூலில் வீட்டு விளம்பரச் சொற்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. கிரானைட், மேப்பிள் மரம் என்று பொருளின் பெயரைச் சொல்லும் விளம்பரங்கள் உயர்ந்த விலையோடு சேர்ந்து காணப்பட்டன. அற்புதம், விசாலம், மனங்கவரும், நல்ல சுற்றுப்புறம் என்பன போன்ற சொற்களும், ஆச்சரியக்குறியுங்கூட, தாழ்ந்த விலையோடு சேர்ந்து காணப்பட்டன! கிரானைட் என்று எழுதினால் விலை ஏறிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. சொல்லுவதற்கு ஏதேனும் உள்ள வீடு அதைச் சொல்லுகிறது. ஒன்றும் இல்லாத வீடு அற்புதம் என்கிறது. வாங்குவோர் இதனை எப்படியோ உணர்ந்துகொள்கிறார்கள். அதே நூலில் இன்னொரு செய்தி: தரகர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்கும்போது காத்திருப்பதைவிடச் சராசரியாகப் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்து, நூற்றுக்கு மூன்றுக்கு மேல் அதிக விலை பெறுகிறார்கள். "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்தும்போது இதனை நினைவிற்கொள்வது நன்று.

இனி, நம் விளம்பரத்தில் நிற்க வேண்டிய பெயர்ச்சொற்கள் யாவை? முதலாவது அளவு. "ஆயிரம் சதுர அடி" என்று நாம் சொல்லுவது எந்த ஆயிரம்? படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் இவற்றின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் கணக்கில் ஆயிரமாக உள்ள பிளாட், உள்ளே நாடா பிடித்து அளந்தால் எழுநூறுக்கு வந்து நிற்பதுண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் பரப்பு என்பதற்கு இலக்கணம் வகுத்தது. வெளிச்சுவரும், குழாய் செல்லும் கூண்டும், தனி பால்கனியும், திறந்த மொட்டை மாடியும் கணக்கில் சேரா. வீட்டுக்குள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். அச்சட்டம் கட்டி விற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. பழைய வீட்டைத் தாமே விற்கும் குடும்பத்தாரை இந்த வகையில் நேரே கட்டுப்படுத்துவதன்று. ஆனால் 2017-இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆணையம் தோன்றியது முதல் வாங்குவோர் கார்ப்பெட் பரப்பைக் கேட்கப் பழகிவிட்டனர். நாமே முதலில் சொல்லிவிட்டால் ஒரு பேரம் குறைகிறது.

அடுத்தது தண்ணீர், வெளிச்சம், படி. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும், மேல்மாடிக்கு ஏறுகிறதா என்பவற்றை நம் தாய்மார்களைப் போலவே வாங்க வரும் தாய்மாரும் கேட்பர். எந்த அறையில் காலை வெயில் விழுகிறது என்று எழுதுவது "நல்ல வெளிச்சம்" என்பதைவிட மேல். ஏப்ரல், மே மாத வெயிலில் புதுக் கட்டடங்கள் வெந்து கிடக்கும்போது, தடித்த கற்சுவரும் மங்களூர் ஓடும் கொண்ட வீடு குளிர்ந்திருக்கும். அந்த மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லும் தேவைப்படாது. மழைக்காலத்தில் ஒழுகிய சுவராயின் பூச்சு அடித்து மூடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை உங்கள் வண்ணப்பூச்சைக் கண்டு அஞ்சாது. எந்த ஆண்டில் பழுது பார்த்தோம், அதற்குப் பின் எத்தனை மழை கண்டது என்று எழுதுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் கேட்டார்கள். கைப்பேசியில் படத்தைத் தள்ளிக்கொண்டே போகிறவர் முதற் படத்தில் நின்றால்தான் எழுத்துக்கு வருவார். ஆகவே படம் முக்கியந்தான். பகலில், சன்னல்களைத் திறந்து, அறையின் மூலையில் மார்பளவு உயரத்தில் நின்று எடுங்கள். அறையை இழுத்து அகலமாகக் காட்டும் வில்லை இக்காலக் கைப்பேசியில் இருக்கிறது. அதனைத் தொடாதிருத்தல் நலம். பத்தடி அறையைப் பதினாறு அடியாகப் பார்த்து வருபவர் வாசலிலேயே மனம் சுருங்கிப் போகிறார். அதன்பின் நாம் சொல்லும் மெய்யும் அவர் செவியில் ஏறுவதில்லை. கையால் வரைந்து அளவு குறித்த ஒரு தளப்படம், பத்து வண்ணப் படங்களுக்குச் சமம் என்பது நம் கருத்து.

படம் எடுப்பதற்கு முன் வீட்டை ஒழிக்க வேண்டும். முப்பது ஆண்டு நாட்காட்டிகள், திருமணப் பாத்திரங்கள் அடைத்த டிரங்குப் பெட்டிகள், ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு, அறை சிறியது என்று நமக்கு எதிராகச் சாட்சி சொல்லுகின்றன. பூசை அலமாரியையும் எடுத்துவிட வேண்டுமா என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். வேண்டியதில்லை. வாசற்கோலமும் இருக்கட்டும். ஒரு குடும்பம் ஒழுங்காக வாழ்ந்த இடம் என்பதை அவை காட்டும். டிரங்குப் பெட்டியை மட்டும் அப்புறப்படுத்துங்கள்.

மற்றொன்று, மனத்தாங்கலுக்கு இடமாகக்கூடும். எனினும் சொல்ல வேண்டும். "நம்மவர்க்கே கொடுப்போம்" என்று பல குடும்பங்கள் தமிழர் வட்டத்துக்குள்ளேயே வாய்மொழியாகச் சொல்லிவைத்துக் காத்திருக்கின்றன. பாசம் புரிகிறது. ஆனால் கேம்பில் வீடு தேடுகிறவர் பார்சியாக, போராவாக, சிந்தியாக, மராத்தியராக இருத்தலே இயல்பு. அவர்களுக்கு நடுவில்தானே நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள்? மராத்தியிலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் வரட்டும். மராத்தியை அக்கம்பக்கத்து மராத்தி நண்பர் ஒருவர் திருத்திக் கொடுக்கட்டும்.

விலையை எழுதுங்கள். "விலை நேரில்" என்பது தொலைபேசி ஒலிக்கச் செய்யும், வீட்டை விற்காது. நான்கு தரகர் நான்கு விலை சொல்லும்படி விடாதீர்கள். அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசும். அரசு ஆண்டுதோறும் வெளியிடும் ரெடி ரெக்கனர் மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு உரிய கணக்கு. அதுவே சந்தை விலை என்று கொள்ளுதல் தவறு.

இன்னொரு சபலத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். கண்டோன்மெண்டுகளில் பொதுமக்கள் வாழும் பகுதிகளை நகராட்சிகளோடு இணைக்கும் கொள்கையை மத்திய அரசு மேற்கொண்டது. 2023-இல் இமாசலப் பிரதேசத்து யோல் கண்டோன்மெண்ட் அவ்வாறு நீக்கப்பட்டது. அதுமுதல் நம் தெருக்களிலும், "இணைந்துவிடும், விலை இரட்டிக்கும்" என்னும் பேச்சு. நம் சர்வே எண்ணுக்குப் பொருந்தும் ஆணையும், நில உரிமையைப் பற்றிய தெளிவும் கையில் இருந்தால் விளம்பரத்தில் போடுங்கள். இல்லையெனில் அந்தப் பேச்சைத் தேநீர்க் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

முதலிற் சொன்ன அம்மையாரின் கதை முடியவில்லை. நாமும் நண்பர் இருவரும் அளவுநாடாவுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றோம். ஜி.எல்.ஆர். நகலுக்கு முன்னரே விண்ணப்பித்திருந்தோம். உரிமை மாற்றத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் வேண்டிய அனுமதிகள் யாவை என்று பாதுகாப்பு நில அலுவலகத்திலும் கண்டோன்மெண்ட் அலுவலகத்திலும் கேட்டு எழுதி வாங்கினோம். கணவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலையே முடியாமல் கிடந்தது. அதற்கு மாதங்கள் சென்றன. பிறகுதான் விளம்பரம் வெளிவந்தது. அதன் வாசகம் இது:

"கேம்பில் தனி வீடு. கீழ்த்தளமும் மேல்தளமும். உட்பரப்பு 640 சதுர அடி. நிலம் மத்திய அரசுக்கு உரியது. பி-3, ஓல்டு கிராண்ட். விற்பது கட்டடமும் குடியிருப்பு உரிமையும். ஜி.எல்.ஆர். நகல் பார்வைக்கு உண்டு. வாரிசுப் பெயர் மாற்றம் முடிந்தது. கருங்கற் சுவர், மங்களூர் ஓடு. சமையலறையில் காலை வெயில். தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம், தொட்டி உண்டு. மரப்படி செங்குத்து, முதியோர்க்கு ஏற்றதன்று. மேற்குச் சுவரில் கசிவு இருந்தது; பழுது பார்த்தபின் இரண்டு மழைக்காலம் கண்டது. கார் உள்ளே வராது. விலை கீழே."

முதல் விளம்பரத்துக்கு வந்த கூட்டத்தில் கால் பங்குகூட வரவில்லை. தொலைபேசியில் "சொந்த நிலம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்தவர்களே மிகுதி. அந்த அம்மையார் நம்மை ஒருவிதமாகப் பார்க்கத் தொடங்கினார். ஆறாம் வாரம் இளந் தம்பதியர் இருவர் வந்தனர், அருகில் கடை வைத்திருக்கும் குடும்பம், கடன் வேண்டாதவர்கள். ஓல்டு கிராண்ட் என்பது அவர்களுக்குப் புதிதன்று. அவர்கள் பாட்டனார் வீடும் அதே வகையாம். ஜி.எல்.ஆர். நகலைப் படித்தார்கள். மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அறை அறையாக அளந்தாள். நாம் எழுதியதைவிட மூன்று சதுர அடி கூடுதலாக இருந்தது.